ஆஸ்பத்திரியில் கொடுத்த தோடு

என் மகள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிறாள். போன மாசியில் ஒரு காலை, கூட்டேரிப்பட்டு தாண்டி அந்த பஸ் லாரியில் மோதியது. விழுப்புரம் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து எனக்குப் போன் வந்தது. பையில் மகளின் அடையாள அட்டை இருந்ததாம். தலையில் அடி, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறோம், உடனே வாருங்கள் என்றார்கள். மகளின் போன் அணைந்திருந்தது. கணவர் மஸ்கட்டில். தனியாகத்தான் போனேன்.

அதற்குள் உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடியிருந்தார்கள். நர்ஸ் மகளின் பையையும் ஒரு பிளாஸ்டிக் கவரையும் நீட்டினார்.

"பேஷண்ட் காதுல இருந்ததும்மா. சரி பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கவரில் சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடி. மகளுடையதும் அப்படித்தான். பேனாவை வாங்கிவிட்டேன். ஆனால் நகை கைக்கு வந்தால் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். முன்பு ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மகளுக்குத் தோடு எடுத்தபோது ஹால்மார்க் முக்கோண முத்திரை, 916, ஆறு எழுத்துக் குறியீடு மூன்றையும் லென்ஸில் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். கல்லுக்குள் மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. வேறு ஜோடி கேட்டேன். அந்தக் குறை இருந்தால்தான் மண்ணில் விளைந்த கல், கண்ணாடி என்றால் உள்ளே குமிழி இருக்கும் என்றார் கடைக்காரர். அதையே வாங்கினேன்.

தோட்டைத் திருப்பினேன். 916 மட்டும் கோணலாகக் குத்தியிருந்தது. முக்கோணம் இல்லை, குறியீடு இல்லை. செல்போன் விளக்கைக் கல்லுக்குப் பின்னால் பிடித்தேன். கோடு இல்லை. ஊசிமுனை அளவில் உருண்டைக் குமிழிகள்.

"இது என் பொண்ணு இல்லைங்க," என்றேன். "கண்ணாடிக் கல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் யாருடைய போனிலிருந்தோ மகள் பேசினாள். மணிக்கட்டில் அடி, திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நின்றுகொண்டே வந்தவள், நாமெல்லாம் செய்வதுபோல, உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் பையைக் கொடுத்திருக்கிறாள்.

"அந்த அக்கா என் பைய மடியில வெச்சிக்கினு இருந்தாங்கம்மா. அவங்களுக்கு என்னாச்சி?"

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கிளம்ப எழுந்தபோது ஒரு அம்மா வந்தார். கரும்பு வெட்டிய இடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவையெல்லாம் காய்ந்த சோகை இலைத் தூள். தன் பெண் காதில் சிவப்புக்கல் தோடு போட்டிருப்பாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கவர் இன்னும் என் கையில் இருந்தது. நீட்டினேன். அவர் தோட்டை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"கல்லு எதுவும் விழலியேம்மா? எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாது."

"எல்லாம் இருக்குதுங்க."

முந்தானையில் முடிந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் கூட இரும்மா. ஒண்டியா இருக்க பயமா கீது."

என் மகள் திண்டிவனத்தில் காத்துக்கொண்டிருந்தாள். போய்விட்டேன்.

மணிக்கட்டு சரியாகி மகள் மறுபடியும் கல்லூரிக்குப் போகிறாள். அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கும்போதெல்லாம், நன்றாக இருக்கிறாராம் என்கிறேன். எனக்குத் தெரியாது. கணவரிடமும் சொல்லவில்லை. விசாரிக்கலாம் என்று இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். யாரென்று கேட்பது? அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொண்டு வரவில்லை.