சுங்கைப் பட்டாணிக்குக் கப்பல் பார்க்கப் போனது

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கரங்கானிலிருந்து புறப்பட்டேன். கையில் ஒரு துணி மூட்டை. அதில் ஒரு மாற்றுச் சேலை, அவித்த மரவள்ளிக்கிழங்கு நான்கு துண்டு, என் வீட்டுக்காரருடைய சட்டை ஒன்று. ஆள் உயிரோடு இருந்தால் போட்டுக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் சடங்குக்காவது ஆகும் என்று என் அக்கா மடித்துக் கொடுத்தாள். அவள் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வம்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் காளிமுத்துவுக்கு எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது கங்காணி அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். மூன்றே மாதம், மண் வேலை, அரிசி கொடுப்பார்கள் என்றார். ஐந்து மாதமாயிற்று. ஆளும் வரவில்லை, அரிசியும் வரவில்லை. போன வாரம் கூலிமிலிருந்து கருவாடு கொண்டுவரும் மாட்டுவண்டிக்காரர் பாக் மாட், தோட்டக் கடையில் வைத்து, "காளிமுத்து கெர்ஜா காப்பால்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெர்ஜா என்றால் வேலை. காப்பால் என்றால் கப்பல். அவ்வளவுதான், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் முழுவதும் பற்றிக்கொண்டது. காளிமுத்துவைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், கப்பல் பர்மாவுக்குப் போகிறது, நடுக்கடலில் குண்டு பட்டு முழுகிவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் அவரைக் கொன்றே விட்டார்கள். அக்கா என் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முழுகியதை யார் பார்த்தது? நானே போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கங்காணியிடம் கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னேன்.

கரங்கானிலிருந்து கூலிம் சுமார் பதினைந்து மைல். முதல் ஆறு மைல் நடை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்தான், ஆனால் பாதி மரங்களில் பால் பிடிக்கும் கோப்பை இல்லை. வெட்டுவதற்கு ஆள் இல்லாத தோட்டங்களில் புல் இடுப்புயரம் வளர்ந்து கிடக்கிறது. அதற்குமேல் கிழங்கு ஏற்றிய ஒரு வண்டி கிடைத்தது. வண்டிக்காரன் மூன்று வெள்ளி கேட்டான், இரண்டுக்கு ஒப்புக்கொண்டான். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு என்பதால் வாங்கும்போதே முகத்தைச் சுளித்தான். வேறு நோட்டுக்கு நான் எங்கே போவது?

கூலிம் போலீஸ் நிலையத்தில் சயாம் கொடி பறக்கிறது. எங்கள் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் சயாம்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தது எங்களுக்கும் தெரியும் என்றாலும், கொடியைக் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. துணி நன்றாகவே இருந்தது. எங்கள் லயத்தில் அவ்வளவு துணி யாரிடமும் கிடையாது.

பகல் இரண்டு மணிக்குப் பாசாரில் பாக் மாட்டைக் கண்டுபிடித்தேன். மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டி நிழலில் படுத்திருந்தார். தமிழர்களோடு வியாபாரம் செய்து செய்து அரைகுறைத் தமிழ் பேசுவார். நான் அழுகையும் கோபமுமாக, எந்தக் கப்பல், எப்போது ஏற்றினார்கள் என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ஆத்து கப்பல் இல்ல, கடல் கப்பல் இல்ல லா! காப்பால் தெர்பாங்! மேல போறது!" என்று இரண்டு கைகளையும் விரித்து ஆட்டிக் காட்டினார்.

மலாயில் ஆகாய விமானத்துக்குக் காப்பால் தெர்பாங், அதாவது பறக்கிற கப்பல், என்று பெயர். மனுஷன் சோம்பேறித்தனமாகப் பின்பாதியை விழுங்கிவிட்டார். அந்த விழுங்கின வார்த்தைக்காக நான் ஒரு வாரம் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"அவர் அங்க என்னா வேலை பாக்குறாரு, பாக் மாட்?"

"காப்பால் கட்டுறான். சுங்கைப் பட்டாணி திடல்ல. நல்ல கைவேலை. ஜப்பான்காரன் ரொம்ப சுக்கா."

ஜப்பான்காரனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. சைக்கிளில் சங்கிலி கழன்றால் மாட்டத் தெரியாமல் மூன்று மைல் உருட்டிக்கொண்டு வருகிற ஆள் என் வீட்டுக்காரர். அவர் ஆகாயக் கப்பல் கட்டுகிறாரா? ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் இதைப் பார்க்காமல் எப்படிப் போவது? கூலிம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் தங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கரி பஸ். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் பின்னால் ஒரு தகர அடுப்பைக் கட்டி, மரக்கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். சுங்கைப் பட்டாணிக்கு இருபத்திரண்டு மைல், கட்டணம் எட்டு வெள்ளி. லூனாஸ் தாண்டியதும் ஒரு சின்ன மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பாடாங் செராயில் மறுபடியும் தள்ளினோம். காசும் கொடுத்து வண்டியும் தள்ளுகிற பிழைப்பு எங்கள் காலத்தில்தான் வந்திருக்கும்.

ஓட்டுநர் தமிழர். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"எங்கம்மா போற?"

"கப்பல் திடலுக்கு அண்ணே. வீட்டுக்காரர் அங்க வேலை செய்றாரு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம் பாத்துட்டு வா. திடல் வேலை முடிய முடிய அங்கேருந்துதான் ஆளைப் பிரிச்சு வடக்க அனுப்புறான். ரெண்டு தடவ ரயில்ல ஏத்திட்டான். சயாம் காட்டுக்கு அந்தத் திடல்தான் வாசப்படி, தெரிஞ்சுக்க."

சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன எங்கள் தோட்டத்து ஆட்கள் பதினொரு பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

மூடா ஆற்றுப் பாலத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் ஓடும்போது உடைத்த பாலம். ஜப்பான்காரன் மரக்கட்டை அடித்து ஒட்டுப் போட்டிருக்கிறான். காலி பஸ் முன்னால் ஊர்ந்து போக, நாங்கள் பின்னால் நடந்தோம். சுங்கைப் பட்டாணியில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால்.

பஸ் நிற்கும் இடத்தில் அவித்த கிழங்கு விற்கும் அஞ்சலை அக்கா என்பவரிடம் வழி கேட்டேன். அவரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திடலில் கிழங்கு விற்கப் போகிறவராம். "ஒரு கூடைய நீ தூக்கிக்க. யாரு கேட்டாலும் என் தங்கச்சின்னு சொல்லு. காவலுக்கு நிக்கிறவன பாத்தா இடுப்ப வளச்சுக் கும்புடு. கப்பல எண்ணாத, எண்ணுனா ஒளவு பாக்க வந்தவங்குவான்" என்று மூச்சு விடாமல் சொன்னார். ஊரிலிருந்து முக்கால் மணி நேர நடை.

திடல் என்றால் நம் தோட்டத்துப் பந்துத் திடல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மாடி! ஒரு கோடியிலிருந்து பார்த்தால் மறுகோடியில் நிற்கும் ஆள் விரலளவு தெரிகிறான். செம்மண்ணை வெட்டி, கல் பரப்பி, தரையை வாரிச் சீவினாற்போல் வைத்திருக்கிறார்கள். பெண்கள் வரிசையாகக் கல் சுமக்கிறார்கள். ஓரத்தில் மூன்று விமானங்கள், இறக்கையில் சிவப்பு வட்டத்தோடு, வெயிலில் நின்றன. எண்ணக் கூடாது என்றார் அஞ்சலை அக்கா, ஆனால் மூன்றை எண்ணாமல் எப்படிப் பார்ப்பது? அவ்வளவு பெரியது எப்படி மேலே போகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மணி அடித்ததும் ஆட்கள் கிழங்கு வாங்க வந்தார்கள். ஐந்தாவது ஆளாக வந்தவர் என் வீட்டுக்காரர். கன்னம் ஒட்டிப்போய், இடுப்பில் கோணிச் சாக்குத் துண்டு கட்டியிருந்தார்.

"அடியே! நீ எங்க இங்க?"

"உங்களக் கடல்ல முழுகடிச்சுட்டாங்க அங்க. கருமாதிக்கு நாள் பாக்குறாங்க. நீங்க கிழங்கு திங்கிறீங்க!"

விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று சட்டையை மட்டும் எடுத்து நீட்டினேன். போட்டுக்கொண்டார். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம்போல் தொங்கியது.

"வா, நான் கட்டுன கப்பல காட்டுறேன்" என்று அந்த மூன்று விமானங்கள் பக்கம் கூட்டிப்போனார். இருபது அடி தூரம் வரைக்கும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிறகுதான் பார்த்தேன். மூங்கில்! உடம்பு முழுவதும் மூங்கில் பிளாச்சு, மேலே கோணிச் சாக்கு, அதன்மேல் சுண்ணாம்பும் கரியும் குழைத்துப் பூசிய சாயம். சக்கரம் பலாக்கட்டை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ரதம் கட்டுவது இவர்தான். மூங்கிலை வளைத்து, காகிதம் ஒட்டி, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரி கட்டுவார். கங்காணி அதைச் சொல்லித்தான் ஆளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பாக் மாட் சொன்ன கைவேலை இதுதான்.

சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம் கிடந்தது. மூக்கின் அடிப்பக்கம் ஒரு பெரிய கரிப்பொட்டு.

"இது என்னாங்க?"

"திருஷ்டிக்குத்தான். ரதத்துக்கு வைக்கிறதில்லையா? கட்டி முடிச்சதும் எங்க ஆளுங்களே வச்சுட்டாங்க. கண்ணு பட்டுறக் கூடாதுல்ல."

"பறக்காத கப்பல எதுக்குங்க வெயில்ல நிறுத்தியிருக்கான்?"

"நெசக் கப்பல் நாலு இருக்கு. அத மரத்துக்குள்ள மறச்சுட்டான். மேல வர்ற வெள்ளக்காரன் இதப் பாத்து, இதுமேல குண்டு போட்டுட்டுப் போயிருவான். தேவலையில்ல?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். "கண்ணு படறதுக்குன்னே செஞ்சு வச்ச பொருளுக்கு யாராச்சும் திருஷ்டி கழிப்பாங்களா? சரி, குண்டு போடும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"இதுகிட்டதான். ஆள் நடமாட்டம் இருந்தாத்தான மேலேருந்து நம்புவான்? துணி வச்சுத் தொடைக்கணும், சக்கரத்தத் தட்டணும். சத்தம் கேட்டா ஓடக் கூடாதுன்னு மாஸ்டர் உத்தரவு."

மாஸ்டர் என்றால் அவர்களை மேய்க்கும் ஜப்பான்காரன். போன மாதத்திலிருந்து இரண்டு முறை வெள்ளைக்கார விமானம் உயரத்தில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம். இவர் இரண்டு முறையும் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"கோணலாக் கட்டுங்களேன். பொய்யின்னு தெரியற மாதிரி. இவ்வளவு அழகா எதுக்குங்க கட்டுனீங்க?"

"மெதுவாப் பேசு. மாஸ்டர் காவக் கோபுரத்து மேல ஏறி நின்னு பாப்பான். பொய்யின்னு தெரிஞ்சா அடி. அதோட விடமாட்டான், வடக்க ரயில்ல ஏத்திருவான். நல்லாக் கட்டுற வரைக்குந்தான் நான் இங்க." கொஞ்ச நேரம் இறக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். "ஒரு தடவ கோணலாத்தான் கட்டிப் பாத்தேன்டி. கை கேக்க மாட்டேங்குது. என்னையறியாம நிமித்திட்டேன்."

சைக்கிள் சங்கிலி மாட்டத் தெரியாதவர் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

மணி அடித்துவிட்டார்கள். "இன்னிக்குப் பெரிய ஆபீசர் பாக்க வர்றான். நாலு மணிக்கு நெசக் கப்பலையும் வெளிய இழுத்து வரிசையில நிறுத்துவாங்க, ரோட்டுலேருந்தே தெரியும், பாத்துட்டுப் போ" என்றார், ஏதோ திருவிழாவுக்கு வந்தவளிடம் சொல்வதுபோல. நான் சரி என்றேன். தான் முழுகவில்லை என்று ஊரில் என் அக்காவிடம் சொல்லச் சொன்னார். அதற்கும் சரி என்றேன்.

நான்கே காலுக்குப் பஸ் கிளம்பியது. கரங்கானில் ரதம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் சனங்கள் அதைச் சுற்றியே நிற்பார்கள். அழகாய்க் கட்டியதற்காக ஒரு மனுஷன் சாகக்கூடும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொன்னால் புரியாது. எனக்கே புரிய ஒரு நாள் ஆயிற்று.

ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் பஸ் வழக்கம்போல மூச்சு வாங்கி நின்றது. தள்ளுவதற்கு இறங்கினோம். அங்கிருந்து திடல் நன்றாகத் தெரிந்தது. அவர் சொன்னபடியே வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்கள், ஏழு கப்பல், ஒரே வரிசையில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு மூன்று ஆட்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூங்கில் கப்பல் மூன்று எங்கே, அவர் எதன் பக்கத்தில் நிற்கிறார் என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடினேன். வித்தியாசம் தெரிந்துவிட்டால் போதும், மேலிருந்து பார்க்கிறவனுக்கும் தெரியும், அதன்மேல் குண்டு போடமாட்டான் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை பார்த்தேன். ஓட்டுநர் தள்ளச் சொல்லிக் கத்தினார். நான் நகரவில்லை. மத்தியானம்தான் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவள் நான். எனக்கே எது எதென்று தெரியவில்லை. பாவி மனுஷன், அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்.