கோணல் போர்டில் ஒரு ஆட்டம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு அரியமங்கலம் பார்சல் குடோனுக்குள் நுழைந்து, என் கேரம் போர்டு கிடந்த கோலத்தைப் பார்த்ததும் இரண்டு காதும் திகுதிகுவென்று எரிந்தன. இரண்டு மரப்பெட்டிகளுக்குக் குறுக்கே அதைப் பாலம் மாதிரி படுக்கவைத்து, மேலே தொட்டியத்திலிருந்து வந்த வாழை இலைக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். இலை வாடாமல் இருக்க வேளாவேளைக்குத் தண்ணீர் வேறு தெளித்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

சென்னையில் வேலை பார்த்த வருஷங்களில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய போர்டு அது. போட்டிகளில் வைப்பார்களே, அந்தத் தரம். ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்தபோது மற்ற சாமான்களை எல்லாம் வேனில் ஏற்றிவிட்டு, இது மட்டும் அடிபடாமல் வரட்டும் என்று தனியாகப் பார்சலில் போட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது. அடுத்த மாதம் மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஏற்கனவே இரண்டு தடவை கடைசி ஆட்டத்தில் கோட்டைவிட்டவள் நான். இந்தத் தடவையும் போய்விட்டால் அப்புறம் ஸ்ட்ரைக்கரைத் தொடவே மனசு வராது என்று உள்ளுக்குள் பயம். தினமும் ஆடிப் பழக நல்ல போர்டு வேண்டும். வீடு மாற்றிய செலவில் கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. ஆகவே இந்த பார்சல் ஆபீஸ் புது போர்டின் விலையை முழுசாகக் கொடுத்தால்தான் உண்டு.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு போர்டை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எங்கங்க உடைஞ்சிருக்கு? ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

"உடையல சார். ஊறிப்போய் வளைஞ்சிருக்கு. ஒரு மூலை இறங்கிடுச்சு."

"எனக்கு நேராத்தான் தெரியுது."

என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவர். சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற ரகம். அவரே முன்னால் வந்து, பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து போர்டின் மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு ஓரமாக ஓடி ஒட்டிக்கொண்டது. முதலாளி அசருவாரா? "குடோன் தரையே சரிவுங்க. கழுவிவிட்டா தண்ணி போகணும்ல" என்றார். பிறகு ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டி, எடைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு போர்டில் தூவுகிற பவுடர் வாங்கலாம்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். "தாராளமா போங்க மேடம்" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கேஸ் முடிந்து பணம் வருவதற்குள் தேர்வு முடிந்து அணியே ஊர் ஊராக ஆடப் போயிருக்கும்.

"நான் மாவட்ட அளவுல ஆடுறவ சார். இந்த போர்டுல ஒரு காய் நேரா போகாது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "கேரமா? நானும் ஒரு காலத்துல மன்றத்துல ஆடினவன்தாங்க. காயைத் தொட்டு எத்தனையோ வருஷமாச்சு. ஒண்ணு செய்யலாம். ஒரு ஆட்டம் போடுவோம். மாவட்ட அளவுல ஆடுற நீங்க என்கிட்ட தோத்தீங்கன்னா, போர்டு கோணல்தான்னு ஒத்துக்கிட்டு முழுப் பணமும் தரேன். ஜெயிச்சீங்கன்னா போர்டுல குறை இல்லைன்னு அர்த்தம். குடுக்கறதை வாங்கிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

என் கணவர் என் காதருகே குனிந்தார். "தோத்துடு. தோத்தா நமக்குத்தான் லாபம்." எனக்கும் புரியாமல் இல்லை. தலையை ஆட்டினேன்.

ஒரு பீப்பாயின் மேல், ரசமட்டம் பார்த்து அடியில் மரச் சக்கை கொடுத்து போர்டை வைத்தோம். லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். எனக்கு வெள்ளை, அவருக்குக் கருப்பு. இறங்கிப்போன மூலை என் வலது கைப் பக்கம் இருந்தது. அவர் எதிரிலிருந்து சும்மா ஒரு தட்டுத் தட்டினார். கருப்புக் காய் எங்கேயோ போக ஆரம்பித்து, வழியில் மனசு மாறி, அந்த மூலைக் குழியில் போய் விழுந்தது.

"அண்ணே, சூப்பர்ணே" என்றார் ஒரு லோடுமேன்.

ஜெயித்தால் அவருக்குத்தான் நஷ்டம். அவருக்கும் அது தெரியும். தோற்பதற்காகத்தான் உட்கார்ந்தார் என்று சத்தியம் செய்வேன். ஆனால் அந்த 'சூப்பர்ணே'யைக் கேட்டதும் மனுஷன் சட்டைக் கையை மடித்துவிட்டார், கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அடுத்தடுத்து மூன்று காய் அதே குழியில். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். நான் எதிர் மூலைக்கு அடித்த காய்கள் எல்லாம் ஏற்றத்தில் திணறி அசட்டுத்தனமாக நடுவழியில் நின்றன.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேசாமல் இப்படியே தோற்றுத் தொலைத்திருக்கலாம். அப்போது அவர், "மாவட்ட அளவுல இவ்வளவுதான் ஆடுவாங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். போர்டு, பணம், தேர்வு, பக்கத்தில் நின்ற புருஷன் எல்லாம் மறந்துபோனது. சரிவு எந்தப் பக்கம், எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். நேராக அடிப்பதை விட்டுவிட்டு, காயை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பி என் பக்கத்து மூலைக்கே வரவைத்தேன். ஒன்று போனது. இன்னொன்று போனது. சிவப்பையும் போட்டு, அடுத்த அடியிலேயே அதை உறுதி செய்கிற ஃபாலோ காயையும் போட்டேன். லோடுமேன்களில் பாதிப்பேர் என் பக்கம் வந்து நின்றார்கள். என் கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

கடைசியில் ஆளுக்கு ஒரு காய். முறை என்னுடையது. தப்பாக அடிப்பது எத்தனை சுலபம், விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். என் விரல் தளரவில்லை. வெள்ளைக் காய் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி, நிதானமாக வந்து, குழி விளிம்பில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.

குடோன் அதிர்ந்தது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். பக்கத்தில் என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உறைத்தது. போர்டும் போச்சு, பணமும் போச்சு.

ஆனால் முதலாளி எழுந்து நின்று பீப்பாயை ஓங்கித் தட்டினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமாங்க? காய் தானா உருண்டு போய் விழுது. போர்டே கோணல். நேரான போர்டா இருந்தா நீங்க ஜெயிச்சிருக்கவே முடியாது."

லோடுமேன் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதைத்தான் சார் நான் வந்ததுலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு பொத்தென்று உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "புது போர்டு என்ன விலைங்க? நம்பர் சொல்லுங்க, அனுப்பிடறேன்" என்று போனை எடுத்தார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து, "நேரான போர்டுல ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு மேடம்" என்றார். வருகிறேன் என்றேன்.

காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியபோது என் கணவர் திரும்பாமலே கேட்டார். "அந்தாளு வாயை விடலைன்னா என்ன ஆயிருக்கும்? தோத்துடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"என்னால முடியலங்க" என்றேன். பணம் வந்த சந்தோஷத்தைவிட அந்தக் கடைசிக் காய் விழுந்த சந்தோஷம்தான் எனக்குப் பெரிசாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. மறுபடியும் அந்தப் பீப்பாய் முன்னால் உட்காரவைத்தாலும், பைசா வராது என்று தெரிந்தே அந்தக் காயைப் போட்டிருப்பேன்.