ஏழுமலை எந்தக் கைக்காரர்?

இழப்பீட்டு வழக்குக்குச் சான்றிதழ் எழுத உட்காரும் இளம் டாக்டர்களை எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள்: "நடிப்பாங்க, ஏமாந்துடாதீங்க." திண்டிவனத்தில் எலும்பு டாக்டராக இருந்த காலம் முழுக்க, நடிக்கிறவர்களைப் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. என் அறைக்குள் நொண்டிக்கொண்டு வந்தவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வெட்கப்பட்டே நஷ்டப்படுகிறவர்களைப் பற்றி மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதை ஏழுமலையிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஏழுமலை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில்லில் மூட்டை தைப்பவர். மெஷின் பெல்ட்டில் இடது கை மாட்டி, நரம்பு அறுந்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காமல் விறைத்துவிட்டன. அவருடைய சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று நான் எழுதித் தர வேண்டும். அடிபட்டது பழகிய கை என்றால் கணக்கு கூடும். மற்ற கை என்றால் குறையும்.

"எந்தக் கை பழக்கம்?" என்று கேட்டேன்.

"சோத்துக் கைதாங்க டாக்டரம்மா."

பதில் பட்டென்று வந்தது. 'வலது கைப் பழக்கம்' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாயா சொல்ற? சோறு துன்றது, துன்னூறு பூசறது, கையெழுத்து போடறது, இதுக்குத்தான் அந்தக் கை. மத்த வேலையெல்லாம் இந்தக் கையாலதானே பண்ணிக்கினு இருந்த?"

ஏழுமலை தரையைப் பார்த்தார். "கேக்கறது டாக்டரம்மா. அவங்ககிட்ட போய் பீச்சாங்கைன்னு எப்பிடிடீ சொல்றது?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் விஷயம் புரிந்தது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அடித்து அடித்து, சாப்பாட்டையும் எழுத்தையும் மட்டும் வலது கைக்கு மாற்றியிருக்கிறார்கள். மூட்டை தைக்கும் கோணூசியைப் பிடித்தது இடது கை. அது போனால் அந்த மனிதருக்குப் பிழைப்பே போச்சு. எழுதியதை அடித்து, 'இடது கைப் பழக்கம்' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அடித்தல் விழுப்புரத்தில் நடந்த விசாரணையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. இன்சூரன்ஸ் வக்கீல் சின்ன வயசு, நல்ல சூட்டிகை.

"டாக்டர், வலது கைன்னு அவரே சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார்."

"அப்புறம் அவர் சம்சாரம் சொன்னாங்கன்னு மாத்தினீங்க. டெஸ்ட் ஏதாவது பண்ணீங்களா?"

என்ன டெஸ்ட் பண்ணுவது? காயம் பட்டு மெலிந்துபோன கையை டேப் வைத்து அளந்தால், பழகிய கையா இல்லையா என்று தெரியாது. அதைச் சொன்னேன். வக்கீல் புன்னகையோடு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார். மில் மேஸ்திரி.

"ஏழுமலை எந்தக் கையால சாப்பிடுவார்?"

"சோத்துக் கையாலதாங்க."

"கூலி வாங்கறது?"

"அதுவும் அந்தக் கையாலதாங்க."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். ஏழுமலை முகம் தொங்கிவிட்டது. அப்போது விசாரணை அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார்: "மூட்டை எந்தக் கையால தைப்பார்?"

"அத்த ஏங்க கேக்கறீங்க, பெரிய பேஜாரு!" மேஸ்திரி பொரிந்து தள்ளினார். "எல்லாரும் ஒரு பக்கத்துல முடிச்சு போட்டா, இவன் மட்டும் பீச்சாங்கையால தச்சிக்கினு போய் எதிர்ப்பக்கம் போடுவான். மூட்டை பிரிக்கறவனுங்க முடிச்சைத் தேடிக்கினு நிப்பானுங்க. திட்டு எனக்கு! இப்பவும் குடோன்ல அவன் தச்ச மூட்டைங்க கெடக்குதுங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. அதிகாரி சொன்னதும் மேஸ்திரி மில்லுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. வரிசையாக மூட்டைகள், அவற்றில் ஏழுமலை தைத்தவை மட்டும் தனியாகத் தெரிந்தன. இன்சூரன்ஸ் வக்கீலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆட்சேபணை இல்லைங்க" என்று உட்கார்ந்தார். தீர்ப்பிலும் என் கணக்கே நின்றது.

அதற்குப் பிறகு எந்தக் கை பழக்கம் என்று நான் யாரையும் கேட்டதில்லை. என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், காட்டுங்கள் என்பேன். கூட வந்தவரையும் பேசவிடுவேன். மரியாதைக்காகச் சொல்லும் பொய்யை எக்ஸ்ரே காட்டாது.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் ஏழுமலை டீக்கடைக்கு ஓடினார். சந்தோஷத்தில் எனக்கான டீயை இடது கையாலேயே நீட்டிவிட்டார். கட்டைவிரலுக்கும் கடைசி இரண்டு விரல்களுக்கும் நடுவே கிளாஸ், மடங்காத இரண்டு விரலும் நேராக நின்றன. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு கை மாற்றப் போனார்.

"இருக்கட்டும், அந்தக் கையாலயே குடுங்க" என்றேன்.

தயங்கித் தயங்கி நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.