கதவைத் திறக்கச் சொன்னவர்

கடலூரில் முந்திரி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் இணையத் தொலைபேசிகளை மேற்பார்வையிடுவது என் பணி. வெளியூரில் இருக்கும் கருவி எதுவும் எங்கள் இணைப்பகத்துக்குள் நேரடியாக நுழைய இயலாது. வாசலில் காவல் கருவி ஒன்று நிற்கும். ஒவ்வொரு போனுக்குள்ளும் நாங்கள் பதித்த மின்சான்றிதழை அது சோதித்த பின்னரே உள்ளே விடும். அதன்பின் பேச்சு முழுவதும் பிறர் அறியாத மறைமொழியாகவே பயணிக்கும். அச்சான்றிதழை, போனை அலுவலகத்தின் உள்கம்பியில் செருகித்தான் பதிக்க வேண்டும் என்பது விதி.

என் மனைவியின் தம்பி அங்கே விற்பனை மேலாளர். சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடியேறி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியவர். விதி அவருக்குச் சுமையாயிற்று. நான் விடுப்பில் இருந்த நாளில், கருவிகளைப் பொருத்திய ஆளிடம் சொல்லி, சான்றிதழ் கேளாமல் கடவுச்சொல்லை மட்டும் கேட்கும் புறவாசல் ஒன்றைத் திறக்கச் செய்தார். அவ்வழியே முகமறியாத திருடர்கள் புகுந்து, எங்கள் கணக்கில் அயல்நாடுகளுக்கெல்லாம் பேசித் தீர்த்தனர்.

முதலாளி விசாரித்தபோது அவர் கூசாமல் சொன்னார்: "மாமாதாங்க தொறந்து வச்சிருக்காரு. வயசாயிடுச்சில்ல, மறந்திருப்பாரு."

என் பணியைப் பறித்து, என்னைக் கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியில் நான் ஒன்றையும் மறக்கவில்லை.

வேறு ஆள் சரிப்படாமையால் முதலாளி மீண்டும் என்னை அழைத்தார். நான் முதலில் புறவாசலை அடைத்தேன். அடுத்து வெளியூர்ப் போன்கள் அனைத்தின் சான்றிதழ்களையும் ரத்து செய்தேன். திருட்டுக்குப் பின் செய்யவேண்டிய முறையே அது. பண்ருட்டிக் கிடங்கின் போன் லாரியில் வந்து, புதுச் சான்றிதழோடு திரும்பிற்று. மைத்துனரின் போன் மட்டும் ஊமையாய்க் கிடந்தது. வீட்டுப் போன் வேலை செய்யாவிட்டால் தினமும் கடலூர் வந்து போகவேண்டும் என்று முதலாளி அவரிடம் கூறிவிட்டார்.

மைத்துனர் கைப்பேசியில் அழைத்தார். "மாமா, அங்கேருந்தே போட்டுவுட முடியாதா?"

"முடியாது மச்சான். தூக்கிக்கினு வா."

"யாருகிட்டயாவது குடுத்தனுப்புறேன். பண்ருட்டி போனு மட்டும் லாரிலதான வந்துச்சு?"

"அது யாரு மேலயும் பழி போடல மச்சான். நீயே வா."

வந்தார். பேருந்து நெரிசலில் கசங்கிய சட்டை. மடியில் வைத்துக் காத்த மஞ்சள் பை. தேநீர் வேளை, அலுவலகமே கூடியிருந்தது. போனை உள்கம்பியில் செருகினேன். அனுமதிக்கலாமா என்று என் கணினித் திரை கேட்டது. விரலை எடுத்துக்கொண்டேன்.

"பொறவாசல தொறக்கச் சொன்னது யாரு மச்சான்? எல்லாரும் கேக்கட்டும்."

"மாமா, அக்கா மொகத்துக்காவது..."

"வாசல்ல ஒக்காந்திருந்தப்ப என் மொகத்த ஒங்கக்காதான் தெனமும் பாத்தா."

முதலாளியும் தம் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார்.

"நாந்தான் சொன்னேன்," என்றார் மைத்துனர், பையைப் பார்த்துக்கொண்டே.

அனுமதித்தேன். இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுச் சின்னம் போனின் திரையில் தோன்றியது.

மாலையில் சிதம்பரத்திலிருந்து சோதனை அழைப்பு வந்தது. "மாமா, கேக்குதா?"

அட்சரம் பிசகாமல் கேட்டது.

"சரியா கேக்கல மச்சான். ஆபீஸ்ல சொன்னியே, அத இன்னொருவாட்டி சொல்லு."

மறுபடியும் சொன்னார். நடுவில் எவரும் ஒட்டுக்கேட்க இயலாத இணைப்பு அது. அந்த ஒரு குறைதான் எனக்கு.