இடது கைக்கு ஒரு திரை

கள்ளக்குறிச்சியில் எங்கள் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது என் மாமியார்தான். அதற்கப்புறம்தான் ஃப்ளெக்ஸ் அடிக்கும் மெஷின், பத்திரிகை மாதிரிகள், கடைசியில் மூலை மேசையில் நான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் பேனரும் பத்திரிகையும் எங்களிடம் அடிப்பார்கள். மெஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு. படம் என் பொறுப்பு. போட்டோவை வெட்டி ஒட்டிப் பின்னால் ரோஜாப்பூ போடும் வேலையை ஊரில் எல்லாக் கடையிலும் செய்வார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோடு கோடாக வரைந்து பத்திரிகையில் போடுவது எங்கள் கடை மட்டும்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வதுதான் மரியாதை. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் நான் இடது கைக்காரி. எழுதுவதை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் தட்டித் தட்டி. சாப்பிடுவதை அம்மா மாற்றினாள். படம் வரைவதை ஒரு பாடமாகவே யாரும் மதிக்காததால், அது மட்டும் இடது கையிலேயே தங்கிவிட்டது. வலது கையால் நான் ஒரு மூக்கு போட்டால் அது மூக்குக்கான அடையாளம் போல இருக்கும். இடது கையால் போட்டால் அந்த மூக்குக்கு ஓர் ஆள் வந்துவிடுவார்.

அத்தைக்கு இது ஆகாது. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில், கடையில் காகிதத்தில் ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருந்தபோது அத்தை பார்த்துவிட்டார். "மங்களக் காரியத்துக்கு பீச்சாங்கை ஆவாதும்மா. அட்வான்ஸ் வாங்கறதுன்னாலும் சோத்தாங்கையில வாங்கு, படம் போடறதுன்னாலும் சோத்தாங்கையில போடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவ்வளவு தன்மையாகச் சொல்பவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

அதனால் மவுஸ். மவுஸ் எப்போதும் வலது பக்கம்தானே இருக்கிறது, அத்தைக்கும் திருப்தி. எனக்குத்தான் நரகம். மவுஸால் முகம் வரைவது, செங்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கோலம் போடுவதைப் போன்றது. சங்கராபுரத்துப் பெண்ணுக்கும் மணலூர்பேட்டைப் பெண்ணுக்கும் ஒரே மூக்கு, ஒரே சிரிப்பு. ஜனங்கள் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு பத்திரிகையையும் பார்க்கையில் பற்றிக்கொண்டு வரும். இதைவிட நன்றாக வரைகிற கை ஒன்று மேசைக்கடியில் சும்மா மடியில் கிடக்கிறதே என்று இருக்கும்.

திரையின் மேலேயே பேனாவால் வரைகிற கருவி ஒன்று இருப்பதை போனில் பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பென் டிஸ்ப்ளே என்கிறார்கள். கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டால் அது இன்னொரு திரை. காகிதத்தில் வரைவதுபோல அதன்மேல் வரையலாம். கண் பார்க்கிற இடத்திலேயே கோடு விழும். வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் எனக்கு எதிலும் குறுக்கே நிற்காத மனிதர். அத்தையிடம் அவரே போய்ச் சொன்னார்.

"எந்தக் கையில போடப் போற?" என்று அத்தை என்னைத்தான் கேட்டார்.

"வரையிற கையில, அத்தை."

அத்தை நிபந்தனையோடுதான் சம்மதித்தார். "வாங்கிக்க. வர்ற கிராக்கிங்க யாராச்சும் மூஞ்ச சுளிச்சாங்கன்னா மெஷின் திரும்பிப் போயிடணும். தை மாசம் வருது, வர்ற ஜனத்த அனுப்பிட்டு இன்னா பண்றது?"

நியாயமான பேச்சுதான். ஒத்துக்கொண்டேன்.

சேலத்தில் ஒரு கடையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்று கேள்விப்பட்டு, ஆத்தூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். கடைக்கார இளைஞர் ரொம்ப மரியாதையாக, முதலில் திரையே இல்லாத கறுப்புப் பலகை ஒன்றை எடுத்து வைத்தார். கை கீழே பலகையில், கண் மேலே கம்ப்யூட்டரில். விலை கம்மி. வரைந்தால் எனக்குத் தலை சுற்றியது. அடுத்து ஒரு பெரிய திரை. வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். எங்கள் மேசையில் அதை வைத்தால் நான் தரையில்தான் உட்கார வேண்டும். மூன்றாவதாக, நடுத்தரமான ஒன்று. அளவு சரி, எடை சரி, திரையின் மேல் காகிதம்போல லேசான சொரசொரப்பு. எனக்கு மனசு அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. பேனாவை இடது கையில் எடுத்து ஒரு புருவம் போட்டேன். போட்ட புருவம் காணாமல் போனது. மறுபடி போட்டேன், மறுபடி காணவில்லை.

இடது ஓரத்தில் வரிசையாகப் பட்டன்கள். அதில் ஒன்று, கடைசியாகப் போட்ட கோட்டை அழிக்கிற பட்டன். வலது கைக்காரர்கள் வரைந்துகொண்டே இடது கையால் அழுத்துவதற்காம். என் மணிக்கட்டு சரியாக அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது. நான் போடுவதும் நானே அழிப்பதுமாக இருந்தேன்.

"ரைட் ஹேண்ட்ல ட்ரை பண்ணுங்க மேடம்" என்றார் அந்த இளைஞர்.

எனக்கு வந்ததே கோபம். சேலம்வரை பஸ்ஸில் வந்து இதைக் கேட்கவா? வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, பட்டன் இல்லாதது கீதாப்பா?" என்று முந்திக்கொண்டார். இருந்தது. அதே அளவு, ஓரமெல்லாம் வழவழவென்று சுத்தமாக. பட்டன்கள் தனியாக ஒரு சின்னப் பெட்டியில். அந்தப் பெட்டியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வலது பக்கம் தூக்கி வைத்தேன். ஒரு கண் வரைந்தேன். கண் அப்படியே நின்றது, என்னையே பார்த்தது. "இதுதான்" என்றேன். பில் போடும்போது அந்த இளைஞர், "முனை ஒரு பக்கம் கோடு ஒரு பக்கம் வந்துச்சுன்னா நாலு மூலையிலயும் தொட்டு செட் பண்ணிக்குங்க மேடம்" என்றார். நினைப்பில் நான் மடியில் அட்டைப்பெட்டியோடு ஏற்கெனவே பாதித் தூரம் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

நல்ல நாள் பார்த்துப் பிரித்தோம். கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்காரர் ஆர்வம் தாங்காமல் கடையில் எல்லாவற்றையும் மாட்டி வைத்துவிட்டார். நான் போனபோது அத்தை எலுமிச்சம்பழம் சுற்றி, புது வண்டிக்கு வைப்பதுபோலத் திரையின் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். திரை மணமேடைக்குப் போகிறதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதல் வேலை அன்றைக்கே கல்வராயன் மலையிலிருந்து வந்தது. பெண்ணின் அப்பா, கூடவே பெண்ணும். தை மாதக் கல்யாணம். அத்தை அவர்களுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மாமனாரும் வந்து நின்றார், அவரை மாமா என்பேன். மாமா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சு கம்மி. எல்லோரும் பார்க்க, பேனாவை இடது கையில் பிடித்து அந்தப் பெண்ணின் கண்ணை வரைந்தேன்.

கோடு முனையில் விழவில்லை. ஓர் அரிசி அளவு தள்ளி விழுந்தது. கண் கன்னத்தில் போய் உட்கார்ந்தது. அழித்து மறுபடி போட்டேன், மறுபடியும் அரிசி தள்ளித்தான். எனக்கு வேர்த்துவிட்டது. வீட்டுக்காரர் நின்றபடியே பேனாவை வாங்கி வலது கையால் ஒரு கோடு இழுத்தார். அவருக்கு அச்சாக முனையிலேயே விழுந்தது. படமே வரையத் தெரியாத மனிதருக்கு.

"மெஷினுக்கே தெரியுது பாரு, அது இன்னா கைன்னு" என்றார் அத்தை.

பெண்ணின் அப்பா நெளிந்தார். "வோணாங்க, பழைய மாதிரி மவுசுலயே போட்டுருங்க" என்றார். முகம் சுளிக்கவில்லை, பாவம், பயந்துவிட்டார். ஆனால் அது போதுமே. மறுநாள் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. அன்று நான் யாருடனும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பாத்திரம் சத்தம் வராமல் நடப்பார்கள்.

காலையில் திருப்பி அனுப்புவதற்காகத் திரையைத் துடைத்தேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. ஒரு மூலை, இரண்டாவது மூலை, மூன்றாவது மூலையில் என் கை நின்றுவிட்டது. நாலு மூலை. சேலத்து இளைஞர் சொன்னது இப்போதுதான் மனதில் விழுந்தது.

"ஏங்க, நேத்து இத மாட்டும்போது மூலையில கூட்டல் குறி மாதிரி ஏதாச்சும் வந்துச்சா?"

"ஆமா, வந்துச்சு. தொடச் சொல்லிச்சு, தொட்டுக்கினே வந்தேன்."

"எந்தக் கையில?"

"சோத்தாங்கையிலதான். நின்னுக்கினே தொட்டேன்."

அதுதான் விஷயம். பேனா எந்தப் பக்கம் சாய்கிறது, கண் எங்கிருந்து பார்க்கிறது என்று திரைக்குக் கற்றுக் கொடுக்கிற குறிகள் அவை. அவர் நின்றுகொண்டு வலது பக்கத்திலிருந்து கற்றுக் கொடுத்திருக்கிறார். அதுவும் சமத்தாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. நான் உட்கார்ந்து, இடது கையால், நாலு குறியையும் மெதுவாகத் தொட்டேன். பிறகு ஒரு கோடு. முனையிலேயே விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அத்தை அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தார்.

"இப்ப நீங்க போடுங்க" என்று வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடி வலது கையால் இழுத்தார். அரிசி தள்ளி விழுந்தது.

"இன்னா அத்தை, மெஷின் கட்சி மாறிடுச்சா?" என்றேன்.

அத்தை அணைக்காத அடுப்பு ஞாபகம் வந்தவராகத் திரும்பிப் போனார். மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துக் குலுங்குவது தெரிந்தது.

மலைப் பெண்ணை அன்று மத்தியானம் நினைவிலிருந்தே வரைந்தேன். சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற உதடு, நெற்றியில் அடங்காத முடி, எல்லாம் வந்தது. படத்தைப் போனில் அனுப்பினோம். அடுத்த நாள் அவள் அப்பாவே பஸ் ஏறி வந்து ஒரு பை சாமை கொடுத்தார். "எம்பொண்ணு மாதிரியே கீது" என்று இரண்டு தடவை சொன்னார். எந்தக் கை என்று அவர் கேட்கவே இல்லை.

மெஷின் திரும்பிப் போகவில்லை. ஆனால் அத்தை லேசுப்பட்டவரா? தை பிறந்து கூட்டம் வந்ததும், அச்சு சரியில்லாமல் மூலையில் கிடந்த ஒரு பழைய காதுகுத்து பேனரை எடுத்து என் மேசைக்கு முன்னால் தடுப்பாகத் தொங்கவிட்டார். ஜனங்கள் படத்தைப் பார்க்கட்டும், கையைப் பார்க்க வேண்டாமாம். அந்த பேனரில் இருந்த மொட்டைத் தலைக் குழந்தையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அந்த சீசன் முழுக்க வரைந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் படம் படமாக வந்துகொண்டிருந்ததால் சந்தோஷம் எரிச்சலை விட ஜாஸ்தி. பாட்டுப் பாடிக்கொண்டே வரைந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை இருமுவார்.

சீசன் முடிந்தும் தடுப்பு இறங்கவில்லை; அதற்குள் மாமாவுக்கு அறுபது வந்தது. திருக்கடையூரா உள்ளூரா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்து, உள்ளூர் என்று முடிவானது. பத்திரிகையில் இருவரையும் வரைந்து போட வேண்டும். நான் ஒழுங்காக மவுஸை எடுத்து வலது கையால் போட்டேன். என்ன செய்வது, என் புத்தி அப்படி.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது நானு. பக்கத்துல இது யாரு?" என்றார்.

அத்தையின் முகம் விழுந்துவிட்டது. கல்யாணமான நாள் முதலாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் யாரென்று கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்? "ஏம்மா, எம்மூஞ்சி இப்பிடியா கீது?" என்று என்னைக் கேட்டார்.

"மங்களக் காரியமாச்சே அத்தை. சோத்தாங்கையில போட்டா இப்படித்தான் வரும்."

அத்தை தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். வாய் ரொம்ப நீண்டுவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது. கொஞ்ச நேரத்தில் தடுப்பு சரசரவென்று விலகியது. அதை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி மெஷினுக்குப் பின்னால் போட்டுவிட்டு, அத்தை ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். தலைப்பைச் சரிசெய்துகொண்டார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பெரியவர் ஒன்று கொடுத்தால் வலது கையால்தானே வாங்குவோம். பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். அத்தை அந்தக் கையை மெதுவாகத் தள்ளிவிட்டு, என் மடியில் கிடந்த இடது கையை எடுத்து, அதில் பேனாவை வைத்தார்.

"மூக்குத்திய மறந்துடாத" என்றார்.