வாயாடியின் மௌன வாரம்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். கோடைக்கால மொழிப் படிப்புக்காக வெளிநாடு வந்தால், விடுதியில் சொந்த மொழி பேசத் தடை. ஞாயிறு மட்டும் விலக்கு. அறைத்தோழியும் தமிழ்க்காரிதான். குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை வாயாடியின் கட்டிலில் எறிவாள். திட்டலாமென்றால், புதுமொழியில் இதுவரை பாராட்ட மட்டுமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பல்லைக் கடித்தபடி "மிக அழகு" என்றாள். தோழி "மிக்க நன்றி" என்றாள். வாயாடி இருப்புக்கொள்ளாமல் வாரம் முழுக்க வராந்தாவை அளந்தாள்.

ஞாயிறு விடிந்ததும் தோழியை உலுக்கி எழுப்பினாள்.

"ஏண்டி, என் கட்டில் என்ன உனக்குத் துணி காயப்போடுற கொடியா?"

தோழி முகம் மலர்ந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பாடா, ஆரம்பிச்சிட்டியா! உன் குறட்டையைப் பத்தி நானும் வாரம் பூரா அடக்கி வெச்சிருக்கேன். உட்காரு!"