ஒரகடத்து வேட்டைக்காரர்

அறுபதுகளில் ஒரகடம் காட்டுக்கு மான் வேட்டைக்கு என்னை அழைத்துப் போனவர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற மீசைக்காரர். அவருடைய பழைய துப்பாக்கியில் விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். சுடும்முன் தலையைச் சாய்த்து அசையாமல் நிற்பார்.

புதருக்குள் நான் முன்னால் நடந்தேன். என் காதோரம் குண்டு பறந்தது. சற்றுத் தள்ளி மான் விழுந்தது.

"இந்தப் புதர்ல எப்படிங்க பார்த்தீங்க?" என்றேன்.

"எங்க பார்த்தேன்? கண்ணு மங்கி ஒரு வருசமாவுது. சத்தத்த கேட்டுத்தான் சுடறேன்."

"முன்னால நான் போய்க்கினு இருந்தேனே."

"உன் செருப்பு சத்தம் எனக்குத் தெரியாதா இன்னா?"

வார் அறுந்துபோன செருப்பை வெகுநேரமாகக் கையில்தான் வைத்திருந்தேன். சொன்னேன். அவர் குனிந்து என் வெறுங்காலைத் தடவிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து, வளையத்தை இழுத்து இழுத்துத் தோட்டாக்களை எல்லாம் மணலில் கொட்டினார். மானை எடுக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டுக்கு வந்தார்.